ஒன்பதாம் கிணற்றுக்குப் போகாத ஆசிட்

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊற்றுநீர் புகுந்துவிடாமல் இருக்க, சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாய்களின் உட்புறம் வெள்ளைக் காரை படிந்து கல்லாக இறுகிவிடும். அதைக் கரைக்க ஆசிட் ஊற்றுவது சிங்காரவேலின் காண்ட்ராக்ட். ஊற்றியாயிற்று என்று கையெழுத்துப் போடுவது லேப் கெமிஸ்ட் சங்கரலிங்கத்தின் வேலை. வெயிலில் அவ்வளவு தூரம் போக அலுத்துக்கொண்டு, ஒரு வருஷமாக மேசையிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டு ஏப்ரலில் ஒன்பதாம் கிணறு ஒரே மாதத்தில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. தண்ணீரே மோசம் என்றான் சிங்காரவேல். சங்கரலிங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த முறை டிரம்கள் கிளம்புமுன், யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு சாயப்பொடியைக் கலந்தார். ஆசிட்டில் அது இருப்பதே தெரியாது. நிறையத் தண்ணீர் கலந்தால் கிளிப்பச்சையாக ஒளிரும்.

நான்கு நாள் ஒன்பதாம் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். பச்சை இல்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் மனைவி சுப்புலட்சுமி கக்கூஸிலிருந்து கூப்பிட்டாள். கடையில் வாங்கிய ஆசிட்டை ஊற்றிக் கழுவியிருக்கிறாள். பீங்கானில் தேங்கிய தண்ணீர் கிளிப்பச்சையாக மின்னியது. கடைக்காரரை விசாரித்தால், சரக்கு சிங்காரவேலின் லாரியில்தான் வருகிறது என்றார்.

லேபில் குப்பி கழுவும் கலியனிடம், விற்றுக் காலியான டிரம்களைச் சிங்காரவேலின் ஆட்கள் எங்கே அலசுகிறார்கள் என்று கேட்டார்.

"எங்க தெரு குட்டையிலதாங்க. நாலு நாளா பச்சையா கெடக்குது. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்."

மத்தியானமே கலியனோடு போனார். கிட்டே போகுமுன்பே நாற்றம் மூக்கை அடைத்தது. பச்சைத் தண்ணீரில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன, கண்கள் அவித்தாற்போலிருந்தன. கலியனின் மனைவி வீராயி அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குடத்தை அமிழ்த்திக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கைகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

"குளிக்கத்தாங்க. குடிக்கறது இல்ல," என்றாள், அவர்தான் சங்கடப்படுகிறாரோ என்பதுபோல.

சங்கரலிங்கம் கரையிலேயே வாந்தி எடுத்தார்.

சாயங்காலம் சிங்காரவேல் வழக்கம்போல ஒரு பண்ருட்டிப் பலாவோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தான். சீசனில் மாதம் ஒன்று வரும். வீட்டில் எல்லோரும் ஆசையாகத்தான் தின்பார்கள். இன்று அவர் அதை வாசலுக்குள்ளேயே விடவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, எல்லாவற்றையும் மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். சிங்காரவேல் நகரவில்லை.

"எழுதுங்க சார். பன்னெண்டு சர்ட்டிபிகேட்ல இருக்கறது யாரு கையெழுத்து? எனக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு."

அவன் போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சாப்பாட்டைத் தொடவில்லை. சிங்காரவேல் மேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு தன் மேலேயே வந்தது. உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். பன்னிரண்டு கிணறுகளின் எண்களையும், ஒன்றைக்கூட நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டதையும் முதல் பத்தியிலேயே வைத்தார்.

சிங்காரவேலின் காண்ட்ராக்ட் ரத்தானது. சங்கரலிங்கத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றுபோனது. கலியன் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வர ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை வீராயி அந்தக் குட்டையில்தான் குடத்தை அமிழ்த்தினாள்.