இடப்பக்கம் புள்ளி இல்லாத தாள்கள்

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு காலை, ஏரிக்கரை ஷெட்டில் பயிற்சியாளன் மஞ்சுநாத் தன்னைத் தனியாகக் கூப்பிட்டபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறான் என்று தனக்கோடி நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை. பறவைகளை அடையாளம் காணும் ஒரு வருஷப் பயிற்சியில் எட்டு மாதம் முடிந்திருந்தது. இருபத்திரண்டு பேரில் ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்தவள் அவள்தான்.

தனக்கோடி தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். போன வருஷம் ஆறாவது மாடிக் கண்ணாடியில் ஒரு பச்சைப் பறவை மோதி விழுந்தது. அதைக் கையில் எடுத்துத் தண்ணீர் காட்டி, அது தெளிந்து பறந்துபோகும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். அதன் பெயர் ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தாள். அது குக்குறுவான் என்று முதல் மாதமே தெரிந்துகொண்டாள்.

பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு இடம். மாதம் ஒரு ஞாயிறு அங்கே தண்ணீரைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். கையில் ஒரு தாள், தாளில் ஒரு வட்டம், வட்டத்தின் நடுவில் நாம். கண்ணால் பார்த்த பறவைக்குப் பெருக்கல் குறி. குரல் மட்டும் கேட்டால் புள்ளி. எந்தத் திசையோ அந்தத் திசையில் குறிக்க வேண்டும். யார் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று அந்தத் தாள்களை வைத்துத்தான் மஞ்சுநாத் பார்ப்பான்.

ஷெட்டுக்குள் அவன் முகம் சரியாக இல்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் புள்ளியெல்லாம் அங்கயே நின்னு போட்டதா, இல்ல வீட்டுக்குப் போய் ஞாபகத்துல போட்டீங்களா?"

தனக்கோடிக்குச் சுருக்கென்றது. "இன்னா சார் கேக்கறீங்க? நான் பொய்யா எழுதிக் குடுத்தேன்றீங்களா?"

"இல்லக்கா. ஸ்வல்ப இதப் பாருங்க." எட்டுத் தாள்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். ஜூன் மாதத் தாளில் வட்டம் முழுக்கப் புள்ளிகள். ஆகஸ்டில் இடப்பக்கம் நான்கைந்துதான். அக்டோபரில் ஒன்று. டிசம்பரிலும் ஜனவரியிலும் இடப்பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. பெருக்கல் குறிகள் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தன.

"உங்க லெஃப்ட்லதான் பெரிய அத்திமரம் இருக்கு. பக்கத்துல நின்னவங்க அதுல குக்குறுவான் கத்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அதே அஞ்சு நிமிஷத்துல நீங்க அத ரைட்ல போட்டிருக்கீங்க. ரைட்ல பம்ப் ஹவுஸ்தான்க்கா இருக்கு. மரமே கெடையாது."

பத்தொன்பது வருஷ வேலையில் தன்னை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. "எனக்கு அந்தப் பக்கந்தான் சார் கேட்டுது. வோணும்னா இப்பவே டெஸ்ட் வைங்க."

"சரிக்கா. கண்ண மூடிக்கோங்க. சாவிய ஆட்டறேன். சத்தம் வர்ற பக்கம் கை காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ சிரித்தார்கள். தூரத்தில் ஆட்காட்டி கத்தியது. சாவிச் சத்தம் மூன்று முறை கேட்டது, மூன்று முறையும் வலப்பக்கம் கை காட்டினாள்.

கண்ணைத் திறந்தாள். மஞ்சுநாத் அவளுடைய இடது காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சாவிக்கொத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க மறுபடியும் மெல்ல ஆட்டினான். சாவிகள் ஒன்றோடொன்று மோதுவதை அவள் கண் பார்த்தது. ஒலி வலப்பக்கமிருந்து வந்தது.

"மூணு வாட்டியும் இந்தப் பக்கந்தான் ஆட்டினேன்க்கா."

தனக்கோடி அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். வலது காதருகே ஆட்டினாள், கலகலவென்று கேட்டது. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு இடது காதருகே கொண்டுபோனாள். கை அசைந்தது, சாவி அசைந்தது, அவ்வளவுதான். மறுபடி வலது, மறுபடி இடது. எத்தனை முறை ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மஞ்சுநாத்தான் மெதுவாகக் கையைப் பிடித்து நிறுத்தினான். "சாரிக்கா. நான் வேற மாதிரி நெனைச்சுட்டேன், சாரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஒரு காது போயிருக்கிறது. போனது அவளுக்குத் தெரியவில்லை. போன் பேசுவது எப்போதும் வலது காதில். ஆபீஸில் யார் கூப்பிட்டாலும் எந்தப் பக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். கூட்டத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது போன நாளை அவளால் சொல்ல முடியவில்லை. அவள் கையாலேயே குறித்த தாள் மாதவாரியாகச் சொன்னது.

ஈஜிபுரா வீட்டுக்கு அவள் வந்தபோது புருஷன் ராஜேந்திரன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே நின்று சொன்னாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி. ஆறு மாசமா நான் கூப்ட்டா நீ திரும்பறதே இல்ல. பெரிய பெரிய ஆளுங்களோட சேந்து படிக்கப் போறா, அதான் நம்மள மதிக்கல்லன்னு... நானும் பேசறத விட்டுட்டேன்."

"நீங்க பேசறதே இல்லன்னு நான் நெனைச்சேன்" என்றாள் தனக்கோடி.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காதுப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். நான்காம் நாள் டாக்டர் நிருபமா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, இருவரையும் உட்காரச் சொன்னார்.

"இடது காது நரம்பு மேல ஒரு கட்டி இருக்கும்மா. கேன்சர் இல்ல. பயப்படாதீங்க. ஆனா மெதுவா வளந்துட்டே இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் விட்டிருந்தா மூளையப் போய் அழுத்தியிருக்கும். நடக்க முடியாமத்தான் இங்க வந்திருப்பீங்க. இவ்ளோ சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தனக்கோடி பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜனவரித் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி ஜூன் தாளுக்குப் போனார். பிறகு, "இத நான் போட்டோ எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"கட்டிய எடுத்தா காது கேக்குமா டாக்டர்?"

"கேக்காதும்மா. உயிருக்கு ஆபத்து இருக்காது. காது திரும்பாது."

அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் தனக்கோடி அழுதாள். ராஜேந்திரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தான்.

மார்ச் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் அறை சுழன்றது. ஒரு வாரம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். இடது கண் சரியாக மூடாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் ஞாயிறு தவறிப்போனது. இனிமேல் எதற்குப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றியது. தான் கேட்டதாக எழுதிய பறவையெல்லாம் உண்மையில் எங்கே இருந்தது என்ற நினைப்பு அவளை விடவில்லை. ஆறு மாதமாகப் பம்ப் ஹவுஸ் கூரையைப் பார்த்துக் குக்குறுவானைத் தேடியிருக்கிறாள்.

மே மாதம் கடைசிப் பரீட்சை. மஞ்சுநாத் போன் செய்து, "ஒங்களால முடிஞ்சா மட்டும் வாங்கக்கா" என்றான். போனாள். தன் இடத்தில் போய் நின்றபோது கால் கொஞ்சம் தடுமாறியது. தாளைக் கையில் வாங்கியவள் அவனிடம் கேட்டாள்: "குரல் கேக்குது, எந்தப் பக்கம்னு தெரியல்லன்னா எங்க சார் புள்ளி போடறது?"

அவன் யோசித்தான். இதற்குப் பயிற்சிப் புத்தகத்தில் வழி இல்லை. "வட்டத்துக்கு வெளிய எழுதிடுங்கக்கா. தெரியாதத தெரியாதுன்னு எழுதறதுதான் சரி."

ஐந்து நிமிஷம் நின்றாள். பார்த்த பறவை பதினொன்று, வட்டத்துக்குள். கேட்ட பறவை ஆறு, வட்டத்துக்கு வெளியே: தையல்சிட்டு, செம்போத்து, குயில் என்று பெயர் பெயராக எழுதினாள். அந்த ஆறு பெயரையும் மஞ்சுநாத் தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றுகூடத் தப்பில்லை. மற்றவர்கள் முன்னால் அவளைத் தேறியவர்களின் வரிசையில் நிற்க வைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் பக்கத்து ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள். இடது காது ஜன்னல் பக்கம் போனது. அடுத்த நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் ஏறி வலப்பக்கம் உட்கார்ந்து, அவள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள்.

"ஏனம்மா இது? எல்லிந்த பர்த்தா இதீரா?" இது என்ன, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"கெரெயிந்த" என்றாள் தனக்கோடி, ஏரியிலிருந்து என்று. அந்த அம்மாள் விடவில்லை, அங்கே என்ன பறவை இருக்கிறது என்று கேட்டாள். தனக்கோடி சொல்ல ஆரம்பித்தாள்.