ஒரு முடிகூட அசையாத திசைகாட்டி

என் கணவர் கானிமுடைய படகு ரொம்பச் சின்னது. நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் நீந்தித்தான் வர வேண்டும். ஆனால் அதில் பாட்டுக் கேட்க வழியில்லையே என்ற குறை அவரை வருஷக்கணக்காக அரித்தது. எங்கள் ஊர் முஹர்ரக் படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரன் பாட்டைப் போட்டால் போதும், இவர் முகம் தொங்கிவிடும்.

கடைசியில் தண்ணீர் பட்டாலும் கெடாத ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம். அவரும் என் தம்பி மிஷாலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் ஓட்டை போட்டு, திசைகாட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பொருத்தினார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தோழர்கள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மூவரும் கடல் நடுவே இருக்கும் மணல்திட்டுக்குப் போனோம். மகன் ஷாஹீன் பிறந்தபின் நான் கடலுக்குப் போவது அதுதான் முதல் தடவை. பிள்ளையை அம்மாவிடம் விட்டிருந்தேன். புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடுகிறவன். ஜும்ஆ தொழுகைக்குள் திரும்பிவிடலாம் என்று சத்தியம் செய்துதான் என்னை ஏற்றினார்கள்.

போகும்போது நல்ல வெயில். மற்ற படகுகளின் பின்னாலேயே போனோம். மணலில் உட்கார்ந்து பலாலீத் சேமியாவும் சாயாவும் முடித்து எழுந்தபோது கடலைக் காணவில்லை. மூடுபனி. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. மற்றவர்கள் எப்போது கிளம்பினார்கள் என்பதும் தெரியவில்லை. பாட்டுச் சத்தத்தில் எங்கள் காதில் எது விழுந்தது!

"பயப்படாதே, உம் ஷாஹீன். எங்க வாப்பாவோட திசைகாட்டி இருக்கு. மேற்கே பிடிச்சா நேரா வீடு" என்றார் கானிம். மகன் பிறந்ததிலிருந்து நான் அவருக்கு 'உம் ஷாஹீன்', ஷாஹீனின் அம்மா; அவர் எனக்கு 'பூ ஷாஹீன்', ஷாஹீனின் வாப்பா.

படகைத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை. திசைகாட்டிக்குள் மிதக்கும் வட்டில், படகின் மூக்குக்கு நேரே ஏற்கெனவே மேற்குதான் நின்றது. நல்ல சகுனம் என்று கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைத் தகரக் கேன் மிதந்து வந்தது. மீன்கூண்டு போட்ட யாரோ அடையாளத்துக்கு நீலத்துணி கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போனோம். போனோம், போனோம். மறுபடியும் ஒரு வெள்ளைக் கேன், நீலத்துணி.

"இதே கேன்தானே அது?" என்றேன்.

"கடல் முழுக்க கேன்தான்" என்றார்.

தூரத்தில் பாங்கு கேட்டது. வீடு முன்னால் இருக்கிறது என்கிறார். சத்தம் முதுகுப்பக்கம் வருகிறது. "அது நம்ம ஊர்ப் பாங்கா, அக்கரைப் பாங்கா?" என்றான் மிஷால். தப்பித்தவறிக் கிழக்கே போய்விட்டால் அடுத்த நாட்டு ரோந்துக்காரர்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று யார் கண்டது? பால் கட்டி என் மார்பு கனத்து வலித்தது. மேலே போட்டிருந்த கறுப்பு அபாயா நனைய ஆரம்பித்தது. அங்கே பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

மிஷால் போனைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வரைபடம் திறக்கவில்லை. நீலப் பக்கத்தின் நடுவில் ஓர் அம்பு மட்டும் பேய் பிடித்ததுபோல் சுற்றியது.

"அத நம்பாதே மச்சான். இதப் பாரு. ஒரு முடி அசையுதா?" என்றார் கானிம்.

அசையவில்லைதான். படகு குலுங்கியது, சாய்ந்தது. திசைகாட்டி வட்டு மட்டும் மேற்கு, மேற்கு என்று அடம்பிடித்தது. மூன்றாவது தடவையும் அந்தக் கேன் வந்தது. நீலத்துணியின் கிழிசல்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"பாட்ட நிறுத்துங்க, பூ ஷாஹீன்!"

நிறுத்தினார். நான்காவது தடவையும் கேன் வந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "மிஷால், அந்த ரெண்டு சனியனையும் கழட்டு. கடல்ல வீசறேன்."

"அக்கா, அது என்னக்கா பண்ணிச்சு?"

"கழட்டுடா!"

அவன் ஒன்றைத் திருகிக் கழற்றி, கம்பியைப் பிடுங்கி என் கையில் தந்தான். அதைத் தூக்கிக்கொண்டு திசைகாட்டியைக் கடந்தேன். இத்தனை நேரம் கல்லாய் இருந்த வட்டு மெல்லத் திரும்பியது. நின்றேன், நின்றது. பின்னால் வந்தேன், அதுவும் என் கூடவே வந்தது.

"உள்ள காந்தம் இருக்கு மச்சான்" என்றான் மிஷால், செத்த குரலில். "நாம வீட்டைப் பார்த்து ஓட்டல. ஸ்பீக்கரப் பார்த்து ஓட்டியிருக்கோம்."

இரண்டாவதையும் கழற்றி, இரண்டையும் தள்ளி வைத்ததும் வட்டு அரைச்சுற்று ஆடி நின்றது. மேற்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கானிம் படகை மேற்கே திருப்பினார். "வீசிடாதே" என்று மட்டும் கண்ணால் கெஞ்சினார். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு படகின் கடைசி முனையில் உட்கார்ந்தேன், கரை வரும்வரை. கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலும் இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "அங்கேயே இரு!"

வீட்டுக்குள் ஓடினேன். அழுது அழுது குரல் போயிருந்தது ஷாஹீனுக்கு. அம்மாவின் மடியில் கிடந்தவன் என்னைப் பார்த்தான். அபாயாவைக் கழற்றவும் கையைக் கழுவவும் அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். நான் போன பக்கமெல்லாம் அவன் தலை திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கானிம் ஸ்பீக்கர்களுடன் உள்ளே வரப் பார்த்தார்.

"அங்கேயே இருங்க" என்றேன்.