வள்ளிநாயகி மாவிடித்த சட்டம்

"உம்மட படச்சட்டத்தை நீரே கழற்றிக்கொண்டு போம்! என்ர ஐயா ஓரமாய் ஒதுங்கி நிக்கிறாரே, தெரியேல்லையோ?"

"நாலு கட்டையை இணைச்சதுதான் நான், கிராணி ஐயா. உள்ள யார் உட்காரணும்னு நானா சொன்னேன்? கதவு உங்க வீட்டுக் கதவு!"

ஜப்பான்காரனுக்குப் பயந்து இருமக்கூட யோசித்த ஜாலான் புசார் தெருவில், இந்தச் சண்டைக்கு மட்டும் எல்லாச் சன்னல்களும் திறந்துகொண்டன. சட்டத்தை இணைத்த அந்தோனியம்மாளின் கணவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அதன்பின் அவள் குண்டு விழுந்த வீடுகளின் மரத்தில் படச்சட்டம் செய்து பிழைத்தாள். உயிரோடிருந்தபோது யாரும் படமெடுக்காத பெண்கள் அவள் சட்டங்களில் வந்து உட்காருவது வழக்கம். பிள்ளைப்பேறு பார்த்தவள், ஆப்பம் விற்றவள் என்று சிலர் ஏற்கெனவே அக்கம்பக்கத்துச் சுவர்களில் இருந்தார்கள். தம் வீட்டுச் சட்டத்தில் அப்படி யாரும் வந்து உட்காரமாட்டார்கள் என்ற தைரியத்தில், கணக்கெழுதும் கிராணி அம்பலவாணர் இடிந்த பழைய வீட்டின் அடுக்களைக் கதவைக் கொடுத்து, தலைப்பாகை கட்டிய தகப்பனார் படத்துக்குச் சட்டம் போடச் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கியவர்கள்தான் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். அதே கதவுக்குப் பின்னால் ஊராருக்கு மாவிடித்து அவரைப் படிக்கவைத்த, காலஞ்சென்ற தாயார் வள்ளிநாயகி போனதில்லை. ஊரில் பெரிய காணிக்காரர் மகள் என்றல்லவா தாயாரைப்பற்றி அவர் சொல்லி வைத்திருந்தார்!

மாட்டிய மறுநாளே வள்ளிநாயகி உரலோடு சட்டத்துக்குள் வந்துவிட்டார்; தகப்பனார் ஓரமாக ஒதுங்கினார். சண்டை போட்டும் பயனில்லை. அம்பலவாணர் போர்வையால் மூடினார், சுவர் மாற்றினார், உலக்கை ஓயவில்லை. காரை பெயர்ந்தது, வீடே தூக்கமில்லாமல் தவித்தது. ராணுவ லாரிகளின் கண்ணில் படுமுன் மகள் குணமணியைக் கரையேற்றியாக வேண்டும். ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள். மாவிடித்தவள் பேத்தி என்று தெரிந்தால்?

வந்தார்கள். அம்பலவாணர் சட்டத்தை முதுகால் மறைத்து நின்றார். சட்டத்திலிருந்து உதிர்ந்த மாவில் அவர் கறுப்புக் கோட்டு வெளுத்துக்கொண்டே வந்தது.

"என்ன தம்பி, இடிக்கிற சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் தாய் இரஞ்சிதம். அம்பலவாணர் இருமினார்.

"அப்பா, தள்ளுங்கோ." குணமணி சட்டத்தின் கீழே தாம்பாளத்தைப் பிடித்தாள். "என்ர அப்பாச்சி மாவிடிக்கிறா, மாமி. இடிச்சுத்தான் அப்பாவைப் படிப்பிச்சவ."

மரவள்ளியே தின்று நாக்குச் செத்திருந்த இரஞ்சிதம் தாம்பாளத்தில் விழுந்த மாவை ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"அரிசி மாவடி பிள்ளை! போய்ப் பிட்டை அவி."

பிட்டு வேகுமுன் சம்பந்தம் பேசி முடிந்தது.

குணமணி மாப்பிள்ளை அம்பிகைபாகனைக் கட்டிக்கொண்டு பாசிர் ரிஸ் தோட்டத்துக்குப் போனாள், சட்டத்தோடு. கணவர் திரும்பாத அந்தோனியம்மாள், யுத்தம் முடிந்ததும் ஒரு மலாக்காத் தச்சரை மணந்து ஊர் மாறினாள். பிட்டுக்காகவே அம்பலவாணர் வாராவாரம் மகள் வீட்டுக்குப் போய்வந்தார். சட்டத்துக்குள் அவர் தகப்பனார் இப்போது ஓரமாக நிற்பதில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மாவு சலிக்கிறார்.