எருக்கமங்கலத்தில் ஏறுகிறவர்கள்

மீட்டர்கேஜ் காலத்தில் எருக்கமங்கலத்தில் எல்லா பாசஞ்சர் வண்டியும் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், நெல் மூட்டை ஏற்றத் தனித் தண்டவாளம் இருந்தது. அகலப் பாதை போடுவதற்காகப் பழைய பாதையைப் பெயர்த்தபோது எல்லாம் போயிற்று. வருஷக்கணக்கில் அந்தக் கல்மேட்டில் ஆடுதான் மேய்ந்தது. ரயில் திரும்ப வந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் வரவில்லை. ஒரு தகரக் கூரை, இரண்டு சிமெண்ட் பெஞ்சு, டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல். காலையில் மயிலாடுதுறைக்கு ஒரு வண்டி, சாயங்காலம் திரும்ப ஒன்று. அடுத்த ஸ்டேஷன் நன்னிலம்.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் சுடர்விழி, தெற்குத்தெரு மருதையன் மகள். ரயில்வே ஊழியர் இல்லை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட். அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அங்கே அவளை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இங்கே கமிஷன் சொற்பம், ஆனால் வேலை முடிந்தால் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

ஆனி மாசம் ரயில்வேயிலிருந்து ஒரு பேப்பர் வந்தது. காலை வண்டிக்கு இங்கே நிறுத்தம் கொடுத்தது சோதனைக்குத்தான், டிக்கெட் போதவில்லை, ஆடி முடிவதற்குள் தேறாவிட்டால் ரத்து. நிறுத்தம் போனால் ஜன்னலும் போகும். ஜன்னல் போனால் திருப்பூர்தான்.

சுடர்விழி அந்தப் பேப்பரை நாட்டாமை தியாகராசனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அன்றைக்கே பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார். திருவிழாவுக்கு வரி வசூலிக்கிற மாதிரியே முடிவானது. தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு ஒரு டிக்கெட், முறை வைத்துத் தினமும் எடுக்க வேண்டும்.

எடுத்தார்கள். எல்லோரும் நன்னிலத்துக்கே எடுத்தார்கள், அதுதான் மலிவு. யாரும் ரயிலில் ஏறவில்லை. குறுவை நடவு நேரம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கோயில் பக்கத்து வீட்டு மங்களாம்பிகை தன் டிக்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசினாளாம்.

மூன்றாவது வாரம் காலை வண்டியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வண்டி நின்றது, போயிற்று. யாரும் ஏறவில்லை.

"ஏம்மா, தினம் இத்தன டிக்கெட் போவுது. ஏறுற ஆளு எங்க?"

சுடர்விழி நாட்டாமைக்குப் போன் போட்டாள். தகவல் தெரிந்து சைக்கிளில் வந்த தியாகராசன்தான் பேசினார்.

"நடவு நேரம் சார். எல்லாரும் வயல்ல நிக்கிறாங்க."

"அப்பறம் டிக்கெட் எதுக்கு எடுத்தீங்க?"

"ஊர் வரி சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "உண்டியல் போட்ட மாதிரி ரயிலுக்குப் போட்டீங்களா? எனக்கு ஏறுற தலைதாங்க கணக்கு. திங்கக்கிழமைலேருந்து ஒரு வாரம் ஆள் வந்து நின்னு எண்ணும். அதப் பாத்துட்டு எழுதறேன்."

அன்று சாயங்காலம் சுடர்விழி தெரு முனையில் நின்றிருந்தாள். குட்டியானை என்கிற மினி லாரி வந்து நின்று, சேறு காய்ந்த காலோடு பெண்கள் குதித்தார்கள். நடவு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகிற கண்ணாத்தாள் கடைசியாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சுடர்விழிக்கு அத்தை முறை.

"என்னாடி, ரயிலு போயிடுச்சா? மூஞ்சி அப்புடி இருக்கு."

சுடர்விழி நடந்ததைச் சொன்னாள்.

"கூட்டம் போட்டாங்களே, நம்ம தெருவுல யாரயாச்சும் கேட்டாங்களா?"

"தலைக்கட்டு வரி அத்த. நம்ம தெரு அதுல கெடையாதே."

"அதான பாத்தேன். தேரு இழுக்கத்தான் நாம ஆவாது, ரயிலேறவுமா ஆவாது?"

பெண்கள் சிரித்தார்கள். சுடர்விழி சிரிக்கவில்லை.

"நீங்க இப்ப எங்க நடுறீங்க?"

"நன்னிலத்துலதான். ஸ்டேசனுக்குப் பின்னாடி."

சொன்ன பிறகுதான் கண்ணாத்தாளுக்கே உறைத்தது. உடனே தலையை ஆட்டினாள். "அந்த வண்டி எட்டு மணிக்கு மேலதான வருது? விடிய வயல்ல எறங்குறவளுவ நாங்க."

"ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசின நடவுதான அத்த. எப்ப எறங்குனா என்ன?"

"வெயிலு யாரு தலையில எறங்கும்? ஒன் தலையிலயா?"

"உக்காந்து போவலாம். கக்கூசு இருக்கு."

கண்ணாத்தாள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். குட்டியானையில் போகிற நாளெல்லாம் அவர்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.

"கதவு சாத்துமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தாப்பாளே இருக்கு."

திங்கட்கிழமை தூக்குவாளியும் பழைய சட்டையுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எண்ணுகிற ஆளும் வந்திருந்தார். வண்டி லேட். வெயில் ஏற ஏற முணுமுணுப்பு வந்தது. பாதிப்பேர் எழுந்து ரோட்டுக்குப் போய்க் குட்டியானைக்குப் போன் போட்டார்கள். மீதிப்பேர்தான் ஏறினார்கள். சுடர்விழி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். ரயிலில் போனவர்கள் இடுப்பு வலிக்காமல் நட்டதைக் குட்டியானையில் போனவர்கள் பார்த்திருந்தார்கள். வண்டியும் நேரத்துக்கு வந்தது. வாரக் கடைசியில் பக்கத்து ஊர் நடவு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆடி கழியுமுன் உத்தரவு வந்தது. நிறுத்தம் இன்னொரு ஆறு மாசத்துக்கு நீட்டிப்பு. இதுவும் சோதனைக்குத்தான். சுடர்விழி அதை ஜன்னல் பக்கத்தில் ஒட்டினாள். திருப்பூருக்கு என்று இறக்கி வைத்திருந்த பையை அவள் அம்மா திரும்பப் பரண்மேல் போட்டாள்.

மறுநாள் காலை தியாகராசன் பிளாட்பாரத்துக்கு வந்தார். ஒட்டியிருந்ததைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெஞ்சுப் பக்கம் போனார்.

"கண்ணாத்தா, நம்ம வயல்ல நாத்து முத்திப்போச்சு. நாளைக்கு ஆள் அனுப்பு."

"இந்த வாரம் நன்னிலத்துல பேசியாச்சுங்க."

"உள்ளூருக்கு அப்பறந்தானா?"

"உங்க வயலுக்கு ரயிலு வர்லீங்களே."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தியாகராசன் ஜன்னலுக்கு வந்தார்.

"நன்னிலம் ஒண்ணு குடும்மா."

"வரியாங்க?"

"இல்ல. அங்க நடவு ஆளு கெடைக்குதான்னு பாத்துட்டு வர்றேன்."

வண்டி வந்தது. நடவுப் பெண்கள் ஏறிய பெட்டியிலேயே அவரும் ஏறினார். சுடர்விழி ஜன்னலிலிருந்து எட்டி, அவர் தலையையும் சேர்த்து எண்ணிக்கொண்டாள்.