நாத்தனார் கழற்றிய கதவு

இரட்டைக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின், அந்தத் தாய் முழுசாக நம்பியது பாத்திரம் கழுவும் மிஷினை மட்டும்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள். கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். பால் புட்டிகளை மிஷினுக்குள் அடுக்கி, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓடவிட்டால்தான் அவளுக்கு நிம்மதி. உதவிக்கு வருகிறோம் என்றவர்களிடமெல்லாம், "பரவால்லங்க, நாங்களே சமாளிச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். குழந்தைகளை யாரும் தொடக்கூட விடவில்லை.

அன்று காலை மிஷின் ஓடவில்லை. பொத்தானை அமுக்கினால் எல்லா விளக்கும் ஒன்றாகச் சிமிட்டின. தண்ணீர் இறங்கும் சத்தமே இல்லை. கணவன் ஆர்மோனியம் வாசிப்பதுபோல எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினான். சுவர் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டும் பார்த்தான்.

"என்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் புட்டிகள் குவிந்து கிடந்தன.

"அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்கா."

"என்னைக் கேக்க மாட்டீங்களா? வீடு இருக்கற லட்சணத்துல உங்க அக்கா வேற வரணுமா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு நழுவிவிட்டான்.

நாத்தனாருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. பழுதாகி வரும் கன்ட்ரோல் போர்டுகளைச் சரிசெய்வார். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள். அன்றைக்கு அவர் உள்ளே நுழைந்ததும் துணிக்குவியலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கரண்டைத் துண்டித்து, மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கதவு மூடியிருக்குன்னு மிஷினுக்குத் தெரியலையோ என்னவோ. அந்த சுவிட்சைத்தான் முதல்ல பாக்கணும். நீ கொஞ்சம் உக்காரும்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். கண் சொருகிவிட்டது.

திடுக்கிட்டு விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. தொட்டி காலி. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் புட்டிகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன. கொதித்து முடிந்தவை வெள்ளைத் துணிமேல் கவிழ்ந்து கிடந்தன. குழந்தைகள் இரண்டும் தொட்டிலில் அயர்ந்து தூங்கின.

"மிஷின் சரியாயிடுச்சா அண்ணி?"

"எங்க? கதவு சுவிட்சு கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கு. நான் நெனச்சது தப்பு. புட்டி இல்லாம பிள்ளைங்க முழிச்சுக்கிட்டா நீ எந்திரிக்கணுமேன்னு இந்த வேலையை முடிச்சேன். நல்லாக் கொதிக்க வெச்சிருக்கேன், பயப்படாத."

அவள் எழுந்தாள். மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இதுக்கு முன்னால ஏதாச்சும் கோணல் பண்ணுச்சா?" என்று கேட்டார் நாத்தனார்.

"முந்தாநாள் யாரும் தொடாமலே பீப் பீப்னு கத்துச்சு. தூக்கக் கலக்கத்துல எனக்குத்தான் அப்படிக் கேக்குதுன்னு விட்டுட்டேன்."

"அடி சக்க! இதை முதல்லயே கேட்டிருக்கணும் நான். யாரோ பொத்தானை அமுக்கற மாதிரி அதுக்குத் தோணுது. கோளாறு பொத்தான் பக்கம்தான்."

கதவின் உள்பக்கத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். முன்பலகை கழன்று வந்தது. பொத்தான்களிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிளை உருவிக் காட்டினார். அதன் நுனியில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

"கதவு ரப்பர் நைஞ்சு நீராவி உள்ள போயி களிம்பு ஏறியிருக்கு. போர்டு பொழச்சுது, நல்லவேளை."

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அந்தப் பச்சையைத் துடைத்தார். முடி உலர்த்தும் மிஷினை அவள் எடுத்து வர, சூடில்லாத காற்றில் காயவைத்தார்கள். கேபிளை அழுத்திச் செருகி, பலகையை மாட்டி, கரண்டைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு விளக்கு நிதானமாக எரிந்தது. பொத்தானை அமுக்கியதும் உள்ளே சலசலவென்று தண்ணீர் இறங்கியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"புது ரப்பர் வாங்கிட்டு வந்து மாட்டித் தரேன். அதுவரைக்கும் ஓட்டாத, நானே வந்து கழுவிட்டுப் போறேன்" என்று சொல்லி நாத்தனார் மிஷினை நிறுத்தினார்.

வழக்கமான "பரவால்லங்க" அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வாங்க அண்ணி. தினமும் வாங்க. எனக்கு முடியல."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் ஒன்று சிணுங்கியது. நாத்தனார் எட்டி நின்று பார்த்தாரே தவிர, கிட்டே போகவில்லை. வந்ததிலிருந்தே அப்படித்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் தொடக்கூடாது என்று தம்பி சொல்லியிருப்பான். இரண்டு பிள்ளைகளுக்கு அத்தை, இன்னும் ஒன்றைக்கூடக் கையில் வாங்கியதில்லை.

அவள் குழந்தையைத் தூக்கினாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க அண்ணி."

"நானா?"

"வேற யாரு? இதுக்கு ஒரே அத்தைதானே இருக்கா."

நாத்தனார் கழுவினார், கழுவினார், கை சிவக்கக் கழுவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நீட்டினார். அவள் குழந்தையை அந்தக் கைகளில் வைத்துவிட்டு, வெள்ளைத் துணிமேலிருந்து ஒரு புட்டியை எடுத்துப் பால் கலக்கப் போனாள். பின்னால் நாத்தனார் மெதுவாக, "ஏன்டா, உங்கப்பன் மூக்கையே கொண்டு வந்திருக்க?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.