கடைசிச் சூளைக் கற்கள்

ஆறு மணிக்கு எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். காயாத சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தான். டிபன் பாக்ஸைக் கழுவினான். அதன் மூடி கிடைக்கவில்லை. வேறொரு மூடியைப் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினான். பால் பொங்கியது. அணைத்தான். மனைவி காய்ச்சலில் போய் எட்டு மாதமாகிறது. எட்டு மாதமாக இதே வேலைகள், இதே வரிசை. வரிசை மாறினால் அவனுக்குக் கை ஓடுவதில்லை.

ஆறே முக்காலுக்கு மகளை எழுப்பப் போனான். கதவு திறக்கவில்லை.

மூன்று நாளாக விடாத மழை. கதவு மரம் ஊறி உப்பியிருக்கும் என்று தோளால் தள்ளினான். அசையவில்லை. அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். கதவு நிலையின் மூலையிலிருந்து மேல்தளம் வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. படுக்கப் போகும்போது அது அங்கே இல்லை. அதற்குள்ளிருந்து ஈர மண் பொடிப்பொடியாக உதிர்ந்து அவன் கால் விரல்மேல் விழுந்தது.

"சிட்டு!"

"ம்ம்..." உள்ளே ஐந்து வயதுக் குரல், பாதித் தூக்கத்தில்.

உதைப்பதற்குக் காலைத் தூக்கினான்.

"ஒதைக்காத மாப்ளே!"

பின்னால் மச்சான் நின்றிருந்தார். மனைவியின் அண்ணன். பக்கத்து நிலத்தில் கிடக்கும் பழைய செங்கல் சூளையை இடித்து, தேறுகிற கல்லைப் பொறுக்கி விற்பது அவர் பிழைப்பு. மழையில் வேலை ஓடாமல் காபி குடிக்க வந்தவர். கையிலிருந்த குடை எப்போது கீழே விழுந்ததோ தெரியாது.

"அந்த நெலைதான் இப்ப செவுரைத் தாங்கிட்டு நிக்குது. நீ ஒரு ஒதை விட்டா மொத்தத் தளமும் பிள்ளை மேல வந்துடும்."

அவன் தூக்கிய காலை மெதுவாக, சத்தமில்லாமல் தரையில் வைத்தான். அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் ஆடியது. சிட்டு கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இழுக்காதே! கையை எடு!" என்று அலறினான்.

தன்னைத் திட்டுவதாக நினைத்து அவள் ஓவென்று அழுதாள். அழுகை நகர்ந்துபோய் அடங்கிய குரலானது. கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள்.

இருவரும் வீட்டுப் பின்புறம் ஓடினார்கள். ஜன்னலில் இரும்புக் கம்பி. மச்சான் கம்பியைத் தொடக்கூட இல்லை. ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, கொல்லையில் கிடந்த கடப்பாரையின் முனையால் பூச்சைச் சுரண்டினார்.

"இந்த எடத்துல மேல் பாரம் கெடையாது. இதுக்குள்ள ஓட்டை போட்டு எடுத்துடலாம். இடிக்காத, சுரண்டு."

"சுவரைச் சுரண்டியா? பொழுதே போயிடும் மச்சான்!"

"கல்லா இருந்தாத்தானே பொழுது போறதுக்கு."

சிமெண்டுப் பூச்சு பெயர்ந்தது. உள்ளே சிவப்பாகத் தெரிந்த கல்லில் அவன் விரலை வைத்தான். விரல் இறங்கியது. தோல் மட்டும்தான் சிவப்பு. உள்ளே சேறு.

மச்சான் சுரண்டிக்கொண்டே சொன்னார். அவர் முகம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய அப்பா முப்பது வருஷம் சூளை நடத்தியவர். கடைசியாக அடுக்கியது நாற்பதாயிரம் கல். எட்டு நாள் எரிய வேண்டிய தீ. மூன்றாம் நாள் பருவம் தப்பி மழை கொட்டி, தீ வைக்கும் வாய்களுக்குள் தண்ணீர் புகுந்து, அணைந்துபோனது. பிரித்துப் பார்த்தால் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய கல் டொக்கென்றது. சும்மா கொடுத்தாலும் எவனும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சூளையில் தீ மூட்டவில்லை. இந்த வீட்டில் ஹாலை மட்டும் நல்ல கல்லில் கட்டி, மீதி அறைகளை அவர் அந்தக் கல்லில் எழுப்பினார். இரண்டு கை சிமெண்டு பூசி, நீல வண்ணம் அடித்து, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சுமந்ததே நான்தான். அப்பா பேரு கெட்டுடும்னு வாயை மூடிட்டிருந்தேன். பூச்சு நனையாத வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாரு."

ஏழு வருஷமாக இந்தச் சுவரில் ஆணி எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று அவன் பெருமைப்பட்டிருக்கிறான். இப்போது பேச நேரமில்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரினான். நகம் ஒன்று பிய்ந்தது. உள்ளே ஏதோ நெறுநெறுவென்றது. இருவரும் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டார்கள். நின்றது. மறுபடி தோண்டினார்கள்.

உள்பூச்சும் உடைந்து, ஒரு தட்டு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"வாடா கண்ணு."

"வரமாட்டேன். நீ திட்டுவே."

அவன் விலகி இடம் விட்டான். மச்சான் ஓட்டையில் முகத்தை நுழைத்தார்.

"ஏய் சிட்டு, மாமா எலி வளை தோண்டியிருக்கேன். இங்க யாரு எலி?"

"நீதான் எலி. உனக்குத்தான் மீசை இருக்கு."

"அப்ப பூனை வந்து பிடிக்கணுமில்ல? ஓடியா!"

"பொம்மையை எடுத்துக்கறேன்."

"வேணாம்!" இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்தியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். தளத்திலிருந்து ஒரு பிடி மண் கட்டில்மேல் விழுந்தது. சிட்டு அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்தாள். ஓட்டைக்குள் தலை வந்தது, தோள் சிக்கியது. அவன் அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். கவுன் கிழிந்தது. வெளியே வந்து விழுந்தாள், தலைமுடியெல்லாம் சேறு.

தூக்கிக்கொண்டு மழையில் ஓடினான். பம்பு செட்டுக் கொட்டகையை எட்டுவதற்குள் வீட்டுக்குள்ளே சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு தொப். அதற்குப் பின்தான் தளம் விழுந்து, ஜன்னல் வழியாகப் புழுதி வந்தது.

சிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே," என்றார் மச்சான். "தங்கச்சி உன்கிட்ட சொல்லவே இல்லியா? போன வருஷம்தான் அவகிட்ட உண்மையைச் சொன்னேன். நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்னா."

அவன் சிட்டுவின் முடியிலிருந்த சேற்றை வழித்தான். மனைவியின் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. 'பாப்பாவைப் பாத்துக்கோங்க' என்றாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். இந்த மச்சான்கூட அதைக் கேட்டுத்தான் உடைந்து அழுதார். அவள் அப்படிச் சொல்லவில்லை. காய்ச்சல் நூற்று நாலில் இருந்தது. நர்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து மனைவி ஒன்று சொன்னாள். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து, சரி சரி என்று தலையைத் தடவினான். நாலு பேரிடம் சொல்லும்படியான வார்த்தையாகவும் அது இல்லை.

"மழை வர்றதுக்குள்ள சிட்டு கட்டிலை ஹாலுக்கு மாத்திடுங்க."