கஸ்டமர் நேரில் வர வேண்டும்

கீபோர்டு அட்டைப்பெட்டியோடு அவள் ஸ்கூட்டரை நிறுத்தியதும் கடைக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார். "இங்க கஸ்டமர் வண்டி மட்டும்தாம்மா விடணும்."

"கஸ்டமரோட சாமானைத்தான் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள். வீட்டில் அப்பா குளிர்ப்பெட்டிக்குள் படுத்திருந்தார். மதியம் வண்டி வந்துவிடும். இந்த நேரத்தில் எந்த மகளாவது கடைகண்ணிக்குக் கிளம்புவாளா என்று அத்தை கேட்டபோது அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். சாமானை மாற்றிக்கொள்ளக் கடை கொடுத்த ஒரு மாதக் கெடு இன்றோடு முடிகிறது. நாளைக்கு வந்தால் இவர்கள் முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார்கள்.

அப்பா இசைக்குழுக்களில் அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டியை வாசித்தவர். தெருவுக்கே அவர் பொட்டிக்காரர். மூச்சிரைப்பு வந்தபிறகு அவ்வளவு பாரத்தை மார்பில் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கடைக்காரர்கள் 'பழைய வாத்தியத்தைக் கொடுங்கள், புதியதை எடுத்துச் செல்லுங்கள்' என்று பலகை வைத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று போன மனிதர், கீபோர்டோடு திரும்பி வந்து அதன் டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. "பெத்த பிள்ளையைக் கொடுத்துட்டுப் பொம்மை வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார்.

பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தது. மறுநாளே போனார். மானேஜர் லீவு என்றார்கள். அடுத்த வாரம் போனார், சிஸ்டம் வேலை செய்யவில்லையாம். மூன்றாம் முறை, மூச்சு வாங்குகிறவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடாமல், ஸ்டாக் எடுக்கிறோம் என்று அனுப்பினார்கள். அவள் செருப்புக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள். திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைக் கெடு முடியும்வரை இழுத்தடிக்கிற வித்தை அவளுக்குத் தெரியாததா? அதைச் சொன்னபோது அப்பா, "பாவம்மா, அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்ல" என்றார். நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அக்கார்டியன் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கியது. துருத்தி முழுக்க விரிந்து கிடந்தது. அப்பா ஒருநாளும் அதை அப்படி விட்டதில்லை. வாசித்து முடித்ததும் துருத்தியை மூடி, வாரைப் பூட்டிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். விரித்துப் போட்டால் மடிப்பு தளர்ந்துவிடும் என்பார். மடிப்பின் ஓரத்தில், அவளுடைய பள்ளிக்கூட மழைக்கோட்டிலிருந்து அவர் வெட்டி ஒட்டிய நீலத்துண்டு தெரிந்தது. அப்பாவிடமிருந்து வாங்கும்போது அந்த ஒட்டைக் காட்டித்தான் 'டேமேஜ்' என்று விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். இப்போது அதே ஒட்டின் பக்கத்தில் 'அரிய பழம்பொருள், கைவேலைப்பாடு உள்ளது' என்று ஒரு அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அவள் ரசீதை எடுத்து மானேஜரிடம் நீட்டினாள்.

மானேஜர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில் யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும் மேடம்."

"அவர் எங்கப்பா. நேத்து இறந்துட்டார்."

"அடடா, சாரி மேடம்." மானேஜர் ஒரு நொடி முகத்தைத் தொங்கப்போட்டு, உடனே எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்ப வாரிசுச் சான்றிதழ் கொண்டு வந்துடுங்க."

"அது கைக்கு வர எவ்வளவு நாளாகும்? கெடு இன்னிக்கோட முடியுதே!"

"ரூல்ஸ் நான் போடலையே மேடம்."

"மூணு தடவை நேர்லதானே வந்தார்? நிக்க வச்சுத் திருப்பி அனுப்பினது யாரு?"

"சத்தம் போடாதீங்க, மத்தவங்க பாக்கறாங்க. கடை மூடற வரைக்கும் டைம் இருக்கு. கஸ்டமர் நேர்ல வந்தா அடுத்த நிமிஷம் எடுத்துக் கொடுத்துடறேன்."

"வந்தா கொடுப்பீங்க?"

"கண்டிப்பா."

அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மதியம் அப்பாவை வண்டியில் ஏற்றியபிறகு அவள் டிரைவரிடம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொன்னாள். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"கடைப் பக்கமாவே விடச் சொல்லு. அந்த மனுஷன் அலைஞ்ச வழிதானே."

கடை வாசலில் வண்டி திரும்பி நின்றதும் காவலாளி விசிலோடு ஓடிவந்தார். "இங்க கஸ்டமர் வண்டி..." என்றவர் மாலைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"கஸ்டமர்தான்" என்றாள் அவள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்து வாசல் சங்கிலியை அவிழ்த்து ஓரமாகப் போட்டார்.

மானேஜர் வெளியே வருவதற்குள் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியோரம் வந்துவிட்டார்கள். அப்பாவோடு காலமெல்லாம் டிரம்ஸ் வாசித்த மாமா இறங்கி, கீபோர்டைக் கொண்டுபோய் மானேஜரின் காலடியில் வைத்தார். அவள் வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"பில் இருக்கு. பெட்டி பிரிக்கலை. கஸ்டமர் நேர்ல வந்திருக்கார். இந்தாங்க அடையாள அட்டை. மூஞ்சி ஒண்ணுதானான்னு பாத்துக்கங்க."

மானேஜர் அட்டையையும் பார்க்கவில்லை, வண்டிக்குள்ளும் பார்க்கவில்லை. "மேடம், ப்ளீஸ்" என்று ஏதோ முனகிவிட்டு உள்ளே போனார். அலமாரியைத் தானே திறந்தார்.

அக்கார்டியன் விரிந்தபடியே வந்தது. அவள் அந்தப் பழம்பொருள் அட்டையைப் பிய்த்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, வண்டிக்குள் ஏறி, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். சுருதி எழாமல் மூடுவதற்கென்று பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மெல்லத் தள்ளினாள். உள்ளே இருந்த காற்றெல்லாம் நிதானமாக வெளியே போயிற்று.

வாரைப் பூட்டினாள்.

"போலாம்ண்ணே" என்றாள்.